நாடியின் எண்ணிக்கையும் நடையும்

சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெற்றோருக்கென வாங்கி வரும் பொருள்களில் இப்போது ஸ்மார்ட் வாட்ச்சும் சேர்ந்துவிட்டது. மணி காட்டுவதோடு நில்லாமல் இதயத் துடிப்பு, உறக்கம், நடந்த அடிகள் என அனைத்தையும் கணக்கிட்டுக் கூறும் கருவி அது. அதில் தெரியும் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு நம் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பெருகி வருகின்றனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: ஓய்வாக இருக்கும்போது துடிப்பு 88 என்று காட்டுகிறது, எச்.ஆர்.வி. என்னும் மற்றோர் எண் 19 என்று காட்டுகிறது. மகனுக்கு முதல் எண் 62, இரண்டாவது எண் 55. அப்படியானால் எனக்கு இதய நோயா?

இவ்விரண்டு எண்களும் எவற்றைக் குறிக்கின்றன, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்வோரும் அவர்களைப் பேணுவோரும் அந்நோய் பற்றிய பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டுகிறேன். கடிகாரம் இல்லாதவர்களுக்கும் அப்பகுதி முழுமையாகப் பயன்படும்.

நாடி பார்ப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் எனப் பிரித்தறிவார். அந்த மரபும் இன்றைய இதயவியலும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றன என்று கூற நான் முன்வர மாட்டேன். இரண்டின் அடிப்படைகளும் வேறு. ஆயினும் நாடிக்கு எண்ணிக்கை மட்டுமன்றி நடையும் உண்டு என்னும் கருத்து நமக்குப் பழக்கமானது; அது இங்கே உதவும். ஓய்வுநிலைத் துடிப்பு என்பது நாடியின் எண்ணிக்கை. எச்.ஆர்.வி. எனப்படும் துடிப்பு மாறுபாடு என்பது அதன் நடை.

இதயம் கடிகாரம் அன்று

நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம், விநாடிக்கு ஒரு முறை என்று அளந்து வைத்தாற்போல் துடிப்பதில்லை. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி விநாடி. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 980 மில்லி விநாடி இருக்கும், அதற்கடுத்து 1030, பின்னர் 1010, மீண்டும் 960. இடைவெளிகளின் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் கூறுவதே துடிப்பு மாறுபாடு. கைவிரலால் நாடி பார்க்கும்போது இதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை, இ.சி.ஜி. தாளில் அளந்து பார்த்தால் தெரியும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு மூச்சைச் சார்ந்தது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்றே விரைகிறது, வெளிவிடும்போது தளர்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியாரும் அறிவியலாளருமான ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்ட நூலில், குதிரையின் இரத்த அழுத்தம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் குறித்துள்ளார். 1847இல் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவி ஒன்றைக் கொண்டு மூச்சுக்கும் துடிப்புக்கும் உள்ள இத்தொடர்பைப் பதிவு செய்தார்.

குழந்தைகளிடத்தும் இளைஞரிடத்தும் இது மிகுதியாகக் காணப்படும். பள்ளி மருத்துவ முகாமில் "துடிப்பு சீராக இல்லை" என்று கூறப்பட்டதால் அஞ்சிப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பின் நாங்கள் பெரும்பாலும் கூறுவது, இது மூச்சோடு இயையும் இயல்பான மாறுபாடு, நலத்தின் அறிகுறி என்பதே.

பிரசவ அறையில் இருந்த தாய்மார்கள் இதை வேறு வகையில் பார்த்திருப்பார்கள். வயிற்றில் பட்டை கட்டி, கருவின் துடிப்பை நீண்ட தாளில் கோடாக வரையும் கருவியை அவர்கள் அறிவார்கள். அக்கோட்டில் செவிலியர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. கோடு இரம்பப் பல்போல் சிறு சிறு நெளிவுகளோடு இருக்கிறதா, அல்லது வழவழப்பாகத் தட்டையாகிவிட்டதா என்பதையும் பார்க்கின்றனர். கருவுக்கு இடர் நேரும்போது துடிப்பின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதற்கு முன்பே இந்நெளிவுகள் மாறுகின்றன என்பதை அமெரிக்க மருத்துவர்களான ஹானும் லீயும் 1963இல் எடுத்துக்காட்டினர். துடிப்பு மாறுபாடு மருத்துவர்களின் அன்றாடப் பணிக்குள் நுழைந்தது பிரசவ அறை வழியாகத்தான்.

மூக்கணாங்கயிறு

எண்ணிக்கையையும் நடையையும் ஆள்வது எது என்று பார்ப்போம். இதயத்தின் வலது மேலறையில் சைனோ ஏட்ரியல் கணு என்னும் சிறு திசு உள்ளது. துடிப்பைத் தொடங்கிவைப்பது அதுவே. எந்த நரம்பின் தலையீடும் இன்றி அதனை அதன் போக்கில் விட்டால் எத்தனை முறை துடிக்கும்? மருந்துகளால் நரம்புகளின் செயலைத் தற்காலிகமாகத் தடுத்து 1970இல் இதை அளந்தனர். 20 வயதில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 107. 50 வயதில் ஏறத்தாழ 90. ஆனால் நலமுள்ள ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது துடிப்பு 70 அளவில்தான் இருக்கிறது. எனவே ஓய்வில் இருக்கும் நம் இதயத்தை ஏதோ ஒன்று இடைவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதுவே வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் செல்லும் நீண்ட நரம்பு. வண்டி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் போன்றது இது. வண்டியோட்டி கயிற்றை இழுத்தால் மாடு தளர்கிறது, தளர்த்தினால் விரைகிறது. மாட்டை விரட்டும் தார்க்கோல் போன்றது பரிவு நரம்பு. அச்சம், உழைப்பு, காய்ச்சல் போன்ற வேளைகளில் அது துடிப்பை விரைவுபடுத்துகிறது. வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் தளர்கிறது என்று வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினர். அந்நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதைச் செய்கிறது என்பதை ஆட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்றதன்மேல் விட, அதுவும் தளர்ந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்விரு நரம்புகளிடையே முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. பரிவு நரம்பு இட்ட கட்டளை இதயத்தில் பலிக்கச் சில விநாடிகள் ஆகும். வேகஸின் கட்டளையோ அடுத்த துடிப்பிலேயே பலித்துவிடும். ஆகவே துடிப்புக்குத் துடிப்பு நிகழும் நுண்ணிய மாறுபாடு பெரும்பாலும் வேகஸின் கைவேலை. கயிற்றைப் பிடித்திருக்கும் கை உயிரோட்டத்துடன் இருந்தால், பாதைக்கேற்பச் சற்றே இழுத்தும் சற்றே விட்டும் வண்டி செல்லும். கை விட்டுப்போனால் மாடு தன் போக்கில், ஒரே வேகத்தில் ஓடும்.

மாற்று இதயம் பொருத்திக்கொண்டோரிடம் இதை நேரடியாகக் காணலாம். இறந்தோர் உடலுறுப்பு தானத் திட்டம் 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது முதல் அத்தகைய சிகிச்சை பெற்றோர் நம்மிடையே உள்ளனர். ஒருவரின் இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தும்போது நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. அந்த இதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கிறது. மூச்சோடு மாறும் மாறுபாடு ஏறத்தாழ அற்றுப்போகிறது. படியேறினால் உடனே விரையாமல், இரத்தத்தில் அட்ரினலின் சேர்ந்த பின்னரே மெல்ல விரைகிறது. இதயம் நல்ல இதயம்தான். கயிறு மட்டுமே இல்லை. எண்ணிக்கை உயர்வதும் நடை இறுகுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது இதனால் விளங்கும்.

கணக்கு செய்யும் வேலை

எண்ணிக்கை கூடினால் மாறுபாடு குறைவதற்கு நரம்பு அல்லாத மற்றொரு காரணமும் உண்டு. அது வெறும் கணக்கு. ஒருவரின் துடிப்பு 58க்கும் 62க்கும் இடையே ஊசலாடுகிறது என்போம். ஒரு நிமிடத்தின் 60,000 மில்லி விநாடிகளை வகுத்தால், இடைவெளி 1034க்கும் 968க்கும் இடையே மாறுகிறது. வேறுபாடு 66 மில்லி விநாடி. மற்றொருவரின் துடிப்பு 98க்கும் 102க்கும் இடையே ஊசலாடுகிறது. இதிலும் நான்கு துடிப்புகளே வேறுபாடு. ஆனால் இடைவெளி 612க்கும் 588க்கும் இடையே, அதாவது 24 மில்லி விநாடி மட்டுமே மாறுகிறது. கடிகாரம் முதல்வருக்குப் பெரிய எண்ணையும் இரண்டாமவருக்குச் சிறிய எண்ணையும் காட்டும். நரம்பின் செயலில் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாடு எண்ணில் தோன்றிவிடும்.

எனவே ஓய்வுநிலைத் துடிப்பைக் கூறாமல் மாறுபாட்டை மட்டும் கூறுவது, நிலத்தின் அளவைக் கூறாமல் விளைச்சலின் மூட்டைகளை மட்டும் கூறுவது போன்றது. 88 துடிக்கும் தாய்க்கும் 62 துடிக்கும் மகனுக்கும் எண்ணை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. போதாக்குறைக்கு வயதும் குறுக்கே நிற்கிறது. வயது ஏற ஏற மாறுபாடு இயல்பாகவே குறைந்துகொண்டு வரும். அதற்கு மேல், கருவிகள் எல்லாம் ஒரே சூத்திரத்தில் கணக்கிடுவதில்லை. ஒரு நிறுவனத்தின் கடிகாரம் காட்டும் 40ம் மற்றொன்று காட்டும் 40ம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பிட வேண்டுமாயின் உங்கள் இன்றைய எண்ணை, அதே கருவியில், உங்கள் சென்ற மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். காலையில் மைதானத்தில் ஓடும் இளைஞர் பலரின் ஓய்வுநிலைத் துடிப்பு 50ஐ ஒட்டி இருக்கக்கூடும். அது குறைபாடன்று. ஓய்வில் உடலுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் தேவை. துடிப்புக்கு 70 மில்லி லிட்டர் தள்ளும் இதயம் 70 முறைக்கு மேல் துடித்தாக வேண்டும். பயிற்சியால் வலுப்பெற்று 100 மில்லி லிட்டர் தள்ளும் இதயத்திற்கு 50 முறை போதும். பயிற்சி வேகஸின் பிடியையும் சற்றே வலுப்படுத்துகிறது. ஆனால் எழுபது வயது முதியவருக்கு 45 துடிப்பும் தலைச்சுற்றலும் மயக்கமும் சேர்ந்து இருந்தால், அதை விளையாட்டு வீரரின் இதயம் என்று கொள்ளலாகாது. அது கணுவின் தளர்ச்சியாகவோ மின்னோட்டத் தடையாகவோ இருக்கலாம், உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

சில நாள்களில் மறையும் ஏற்றங்கள்

ஓய்வுநிலைத் துடிப்பு கூடி, மாறுபாடு குறையும் எல்லா வேளையிலும் நோய் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. உடல் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் நூறு நாள் வேலைக்குச் சென்று வந்தவர், விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டத்தின் அருகே நின்றவர், போதிய நீர் அருந்தாதவர் ஆகியோரின் துடிப்பு மாலையில் 95 இருந்தால் வியப்பில்லை. நூற்பாலையில் இரவுப் பணி முடித்து உறக்கமின்றி வருவோருக்கும், பீடி, சிகரெட் புகைப்போருக்கும் இவ்வாறே. இவற்றில் நீரும் உறக்கமும் ஓய்வும் எண்ணைத் திரும்பக் கொண்டுவரும். புகைப்பதற்கு அதை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெண்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் அதை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது. தீப்பெட்டி ஆலையில் நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஓய்விலும் 100 துடிப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் என்றால், விலையுயர்ந்த இதயச் சோதனைகளுக்கு முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பாருங்கள்.

சர்க்கரை நோயில் விரைந்தும் விறைத்தும் ஓடும் நாடி

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. கால் மரத்துப்போதல், எரிச்சல், செருப்பு நழுவியது தெரியாமை ஆகியவற்றை நம் நோயாளிகள் நன்கு அறிவார்கள். மிகுந்த சர்க்கரை பல்லாண்டுகளில் காலின் நரம்புகளை அரிப்பதுபோலவே இதயத்தின் நரம்புகளையும் அரிக்கும் என்பதைப் பலர் அறியார்.

பொதுவாக நீண்ட நரம்புகளே முதலில் கெடுகின்றன. காலில் தொடங்குவதற்குக் காரணம் அதுவே. உள்ளுறுப்புகளுக்குச் செல்வனவற்றுள் வேகஸ் முதலில் கெடுவதற்கும் காரணம் அதுவே. வேகஸ் கெடும்போது முதலில் குறைவது மூச்சோடு இயையும் மாறுபாடு. அப்போது நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. அடுத்து ஓய்வுநிலைத் துடிப்பு 90, 100 என்று ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. உறங்கினாலும் பெரிதாக இறங்குவதில்லை. நடந்தாலும் பெரிதாக ஏறுவதில்லை. பின்னர் பரிவு நரம்பும் கெடுகிறது. எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சரிந்து கண் இருளுகிறது. மாற்று இதயம் பொருத்தியவரிடம் கத்தி செய்ததைச் சர்க்கரை இங்கே மெல்லச் செய்கிறது.

துடிப்பு சற்று விரைந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு துடிப்பில் இல்லை. இதயத்திலிருந்து மூளைக்கு வலியைச் சொல்லும் நரம்பிழைகளும் அதே வேளையில் கெடுகின்றன என்பதே கேடு. இதய இரத்தக் குழாய் அடைபடும்போது மற்றவர்களுக்கு நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் வலிக்கும். அவர்கள் ஓடி வருவார்கள். இவர்களுக்கு வலி வராமலே போகலாம், அல்லது மிகக் குறைவாக வரலாம். திடீர் மூச்சுத்திணறல், காரணமற்ற வியர்வை, வாந்தி, மேல்வயிற்றில் ஒரு வகை இறுக்கம், கைகால் ஓய்ந்துபோன சோர்வு ஆகியவையே மாரடைப்பின் முகமாக இருக்கும். "வாயு" என்று சொல்லிச் சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று படுத்துக்கொள்கிறார்கள். விடியும்போது இதயத் தசையின் ஒரு பகுதி மீளாமல் போயிருக்கும். மாரடைப்பு ஐயம் உள்ளோருக்குத் தொடக்க மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளது. எட்டயபுரம், கயத்தாறு பக்கத்துச் சிற்றூர்களில் இருப்போருக்கு இது பெரும் உதவி. ஆனால் வலி இல்லை என்பதால் வீட்டைவிட்டே புறப்படாதவருக்கு அதனால் என்ன பயன்?

பேணுவோர் அறிந்திருக்க வேண்டியவை இன்னும் சில உள்ளன. இந்நரம்புகள் கெட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும்போது வரவேண்டிய படபடப்பும் நடுக்கமும் வராமல், நேரே குழப்பமும் மயக்கமும் வரலாம். பேச்சு குழறினாலோ வழக்கத்திற்கு மாறாக எரிந்து விழுந்தாலோ முதலில் சர்க்கரையைப் பாருங்கள். வெயில் காலத்தில் முற்றத்தில் நார்க்கட்டிலில் படுத்திருக்கும் முதியவர், விடியற்காலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க விசுக்கென எழுந்து நின்று விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அவர் எழுந்து கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் கால் தொங்கவிட்டு அமர்ந்து, பின்னர் எதையாவது பற்றிக்கொண்டு எழட்டும். பெரிய அறுவை சிகிச்சை எதுவாயினும் மயக்க மருந்து நிபுணரிடம் "எழுந்தால் தலை சுற்றுகிறது, துடிப்பு எப்போதும் விரைவாகவே இருக்கிறது" என்று கூறத் தவறாதீர்கள். மயக்க நிலையில் இவர்களின் அழுத்தம் எதிர்பாராமல் சரியக்கூடும்.

இதைக் கண்டறியும் சோதனை எளியது, செலவும் குறைவு. எடின்பரோவின் யூவிங் முதலானோர் 1970களில் வகுத்த முறையே இன்றும் பயன்படுகிறது. படுத்த நிலையில் இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி விட்டு, ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஆழ மூச்செடுக்க வேண்டும். மூச்சிழுக்கும்போதுள்ள மிகுந்த துடிப்புக்கும் விடும்போதுள்ள குறைந்த துடிப்புக்கும் வேறுபாடு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு. 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நரம்பு பாதிப்பை ஐயுற வேண்டும். முதியோருக்கு வயதையும் கருதியே முடிவு கூறுவோம். கூடவே படுத்த நிலையிலும், நின்ற மூன்று நிமிடத்திற்குள்ளும் இரத்த அழுத்தம் பார்ப்போம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது குறிக்கத்தக்கது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ளோர் நோய் கண்டறியப்பட்ட காலத்திலேயே ஒரு முறையும், பிறகு அவ்வப்போதும் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலரிடம், நின்ற நிலையிலும் ஒரு முறை பார்க்குமாறு கேட்பதில் தவறில்லை.

முற்றக் கெட்ட நரம்பை முழுதும் மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை. ஆனால் மேலும் கெடாமல் தடுக்க முடியும். டென்மார்க்கில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 160 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஸ்டீனோ-2 ஆய்வு, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை ஒருசேரக் கட்டுப்படுத்தி, உணவு, உடற்பயிற்சி, புகைவிடுதல் ஆகியவற்றையும் வலியுறுத்தியபோது இத்தகைய நரம்புக் கேடு முற்றுவது தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கி அழுத்த மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் "அதெல்லாம் எதற்கு" என்று ஒதுக்குவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாரடைப்பிலிருந்து மீண்டோரிடமும் இந்த நடைக்கு மதிப்புண்டு. 1987இல் கிளைகரும் அவர்தம் குழுவினரும் மாரடைப்பு வந்த 808 பேரின் ஒரு நாள் முழுதுமான பதிவுகளை ஆராய்ந்து, மாறுபாடு மிகக் குறைந்தோரில் பின்னாளில் இறந்தோர் பன்மடங்கு மிகுதி எனக் கண்டனர்.

மாறுபாடு மிகுந்தாலும் தீங்கு

மாறுபாடு கூடுவது நன்று எனக் கேட்டுப் பழகியோர், எண் திடீரென 150 என்று ஏறினால் மகிழ்ந்துவிடுகின்றனர். மூச்சோடு அலைபோல் ஏறி இறங்குவது வேறு. எந்த ஒழுங்கும் இன்றித் தாறுமாறாகத் துடிப்பது வேறு. பின்னது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறாக இருக்கலாம். கருவி அதனை வேறுபடுத்தத் தெரியாமல் மிகுந்த மாறுபாடு என்று காட்டிவிடும். முதியோரிடமும், இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோரிடமும் இது வரும். இதயத்தின் மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். நாடி முற்றிலும் ஒழுங்கற்று இருந்தால் அந்த வாரத்திலேயே இ.சி.ஜி. எடுங்கள். இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தால் ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

எண்ணைக் குறைப்பது நோயைக் குறைப்பதாகுமா

மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் துடிப்பைக் குறைக்கின்றன. அதனால் மாறுபாடும் சற்றுக் கூடித் தெரியும். அப்படியானால் எல்லாருக்கும் துடிப்பைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். இதற்கு விடை கிடைத்துள்ளது. ஐவாபிரடின் என்னும் மருந்து சைனோ ஏட்ரியல் கணுவைத் தளர்த்துகிறது. இதயச் செயலிழப்பும் 70க்கு மேற்பட்ட துடிப்பும் உள்ள 6,500 பேருக்கு மேல் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வில் அது நன்மை தந்தது. இதய இரத்தக் குழாய் நோய் இருந்தும் செயலிழப்பு இல்லாத 19,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2014ஆம் ஆண்டு ஆய்விலோ, துடிப்பு குறைந்தது. மாரடைப்பும் இறப்பும் குறையவில்லை. விரைந்த துடிப்பு சிலரிடம் நோயின் காரணம். பலரிடம் அது நோயின் நிழல் மட்டுமே. நிழலைச் சுருக்கி என்ன செய்வது? ஆகவே பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டா. கடிகாரத்தில் எண் குறைந்துவிட்டது என்று உங்கள் மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டா. இரண்டாவது செயல், இதய நோயாளிகளுக்கு உண்மையிலேயே ஆபத்தானது.

ஆழ்ந்து மெல்ல மூச்செடுக்கும்போது அந்நேரத்தில் மாறுபாடு கூடும். மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதியுறும், செய்யுங்கள். கெட்ட நரம்பை அது மீட்டுவிடும் என எண்ணி மருந்தைக் கைவிடாதீர்கள். நாள்தோறும் அரைமணி நேர நடை, சில மாதங்களில் ஓய்வுநிலைத் துடிப்பை ஓரளவு இறக்கும். வெயில் ஏறுமுன் நடப்பது நம் ஊருக்கு ஏற்றது.

வீட்டில் பார்க்கும் முறை

காலையில் விழித்து, தேநீரும் காபியும் அருந்துமுன், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்து பாருங்கள். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டா. அதன் துடிப்பே குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதைவிட, ஒரு நிமிடம் முழுதும் எண்ணுவது நல்லது; ஒழுங்கின்மை இருந்தால் அப்போதுதான் தெரியும். வாரத்தில் மூன்று நாள் போதும். தேதியோடு குறித்து வையுங்கள். கடிகாரம் உள்ளோர் உறக்க நேரத்து எண்ணையும் குறிக்கலாம். நடக்கும்போதும் கை அசையும்போதும் அது காட்டும் மாறுபாட்டை நம்ப வேண்டா.

இவ்வாறு குறித்ததில் இரண்டு மூன்று வாரங்களாகக் காலைத் துடிப்பு முன்னிருந்ததைவிட 10க்கு மேல் ஏறியே நின்றால், அல்லது 100க்கு மேலோ 50க்குக் கீழோ இருந்தால், அவசரமின்றி ஆனால் தவறாமல் வந்து காட்டுங்கள். வரும்போது அந்தக் குறிப்பேட்டையும், சர்க்கரை, அழுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய இ.சி.ஜி. தாளையும் கொண்டு வாருங்கள். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குத் திடீர் மூச்சுத்திணறலோ குளிர்ந்த வியர்வையோ விளங்காத சோர்வோ வந்தால் குறிப்பேட்டைத் தேட வேண்டா. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டா. 108ஐ அழையுங்கள்.